வரிசைக்குள் நிற்கும் பணம், வரிசைக்கு வெளியே நிற்கும் பணம்

ஜோகுபாளையத்திலுள்ள எங்கள் கிளைக்குப் பல்லாண்டுகளாக வந்துகொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர், ஒரு திங்கட்கிழமை காலையில் பையொன்றில் தாள்களைத் திணித்துக்கொண்டு வந்து என் மேசைக்கு எதிரே அமர்ந்தார். அவர் விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர். பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து பயணியர் விமானங்கள் பறந்துகொண்டிருந்த நாள்களிலேயே அத்தொழிலுக்கு வந்தவர். 2008 மே மாதத்தில் அச்சேவை தேவனஹள்ளிக்கு மாறியபோது வேலை இடம் மாறியது. வீடு மட்டும் ஜோகுபாளையத்தை விட்டு நகரவில்லை. அவர் பணிபுரிந்த விமான நிறுவனம் பறப்பதை நிறுத்திச் சில வாரங்கள் ஆகியிருந்தன. சில மாத ஊதியம் நிலுவையில் இருந்தது. வீட்டுக்கடன் தவணை எங்கள் கிளையில் இருந்தது. நிறுவனத்தின் பெயர் இக்கட்டுரைக்குத் தேவையில்லை.

அவர் கேட்ட கேள்விகள் மூன்று. "சம்பள பாக்கி வருமா சார்? பி.எஃப். வருமா? கிராஜுவிட்டி வருமா?"

"வரும் ஐயா, அதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "மூன்றுக்கும் ஒரே பதிலா சார்?" என்றார்.

வணிகவியல் படித்தவன், இருபதாண்டுகளாகக் கடன் கோப்புகளைப் பார்ப்பவன் என்ற முறையில் நான் வெட்கப்பட வேண்டிய கேள்வி அது. அம்மூன்றும் ஒரே பணம் அல்ல. நிறுவனம் நொடிந்த அன்று அவை மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில் நிற்கின்றன. அன்று மாலை அமர்ந்து நான் தெளிவுபடுத்திக்கொண்டதையே இங்கே எழுதுகிறேன். மாத ஊதியம் பெறும் ஒவ்வொரு வாடிக்கையாளரும், தம் நிறுவனம் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

நம் நகரம் கண்ட பாடம்

விமான நிறுவனம் நொடிவது பெங்களூருவுக்குப் புதிதன்று. இங்கே தலைமையகம் கொண்ட கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் 2005 மே மாதத்தில் பறக்கத் தொடங்கியது. இதே நகரில் பிறந்த ஏர் டெக்கானைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. கடன் மேல் கடன் ஏறிய பின்பு, 2012-ஆம் ஆண்டில் ஊழியரின் ஊதியம் மாதக்கணக்கில் நின்றது. அவ்வாண்டு அக்டோபர் தொடக்கத்தில் பொறியாளர்களும் விமானிகளும் பணியை நிறுத்தினர். விமானங்கள் தரையில் நின்றன. அக்டோபர் 20 அன்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் உரிமத்தை இடைநிறுத்தியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நிலுவையில் ஒரு பகுதியைத் தவணையாகத் தருவதாக நிர்வாகம் சொன்னதை ஏற்று, ஊழியர்கள் அம்மாத இறுதியில் பணிக்குத் திரும்ப இசைந்தனர். முழு நிலுவையும் வந்தாலன்றித் திரும்போம் என்ற நிலையிலிருந்து அவர்கள் இறங்கிவந்தனர். ஆயினும் விமானங்கள் மீண்டும் பறக்கவில்லை. ஆண்டிறுதியில் உரிமமும் காலாவதியானது. நிறுவனத்தைக் கலைக்கும்படி கர்நாடக உயர் நீதிமன்றம் ஆணையிட்டது 2016 நவம்பரில்தான். பறப்பது நின்றதற்கும் கலைப்பு ஆணைக்கும் இடையே நான்கு ஆண்டுகள். பாரத ஸ்டேட் வங்கியின் தலைமையில் கடன் கொடுத்த வங்கிகளும், ஊழியர்களும், வரித்துறையும் ஒரே சொத்தை நோக்கிக் காத்திருந்தனர். குழந்தையின் பள்ளிக் கட்டணம் நான்கு ஆண்டுகள் காத்திராது.

வரிசை என்பது யாது?

அந்த அனுபவங்களுக்குப் பிறகு வந்ததே 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தொகுப்பு. நிறுவனத்தை மீட்க முதலில் முயல்வது, இயலாவிடில் கலைத்துச் சொத்தை விற்றுப் பங்கிடுவது என்பதே அதன் வழி. விற்ற பணம் எவருக்கு முதலில் என்பதை அதன் 53-ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது.

முதலில் வருவது, நொடிப்பு நடவடிக்கைக்கும் கலைப்புக்கும் ஆன செலவு. அடுத்து, கலைப்புத் தொடங்கிய நாளுக்கு முந்தைய 24 மாதங்களுக்குத் தொழிலாளருக்கு உரிய நிலுவையும், தம் பிணையைப் பொதுச் சொத்தில் விட்டுக்கொடுத்த கடன்காரரின் தொகையும் சமநிலையில் நிற்கின்றன. மூன்றாவதாக, தொழிலாளர் என்ற வரையறைக்குள் வராத மற்ற ஊழியரின் முந்தைய 12 மாத நிலுவை. அதன் பின்னரே பிணையற்ற நிதிக்கடன்கள், அரசுக்குச் சேர வேண்டியவை, ஏனைய கடன்கள் வருகின்றன, இறுதியில் பங்குதாரர்.

இவ்வரிசையில் ஒரு படி நிறைவடைந்த பின்பே அடுத்த படிக்குப் பணம் செல்லும். ஒரு படியில் நிற்போர் அனைவருக்கும் போதிய பணம் இல்லையெனில் விகிதப்படி பங்கிடப்படும். எனவே சொத்து எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதே முதல் கேள்வி. விமான நிறுவனங்களுக்கு இது பெருங்குறை. அவை பறக்கவிடும் விமானங்களில் பெரும்பாலானவை குத்தகைக்கு எடுத்தவை. நிறுவனம் நின்றால் குத்தகைக்கு விட்டவர் தம் விமானத்தை மீட்கவே முயல்வார். வானில் பெயர் எழுதிப் பறந்தது எல்லாம் நிறுவனத்தின் சொத்தன்று.

வாடிக்கையாளர் அன்று இன்னொன்றும் கேட்டார்: "கடன் கொடுத்த பேங்குகளும் அந்த வரிசையில்தானே சார் நிற்கும்?" ஆம். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. விமான நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த வங்கியும் அங்கே படித்தவர், உழைத்தவர் அனைவருடனும் நிற்கிறது. வங்கி கொடுத்த பணம் வைப்புதாரர்களின் பணம் என்பதால் அதற்கும் நியாயம் உண்டு. உழைத்துவிட்டுக் கூலி பெறாதவருக்கும் நியாயம் உண்டு. இரு நியாயங்களையும் சமப்படுத்தவே சட்டம் 24 மாதத் தொழிலாளர் நிலுவையைப் பிணைக்கடனுக்கு இணையாக வைத்தது.

வரிசைக்கு வெளியே

இனித்தான் முதன்மையான செய்தி. அதே சட்டத்தின் 36-ஆம் பிரிவு, வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றிலிருந்து ஊழியருக்குச் சேர வேண்டிய தொகையைக் கலைப்புச் சொத்திலேயே சேர்க்கக்கூடாது என்கிறது. அதாவது அப்பணம் வரிசையில் முதலிடம் பெறுவதன்று; வரிசைக்கே வருவதில்லை. அது நிறுவனத்தின் பணமன்று, ஊழியருடையது என்பதே கருத்து.

இக்கொள்கை உரைத்துப் பார்க்கப்பட்டது ஜெட் ஏர்வேஸ் வழக்கில். 1993 மே மாதத்தில் பறக்கத் தொடங்கிய அந்நிறுவனம் 2019 ஏப்ரல் 17 அன்று தன் சேவையை நிறுத்தியது. ஜூன் 20 அன்று தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வு நொடிப்பு மனுவை ஏற்றது. 2021 ஜூனில் ஜாலான் - கல்ராக் கூட்டமைப்பின் மீட்புத் திட்டம் ஒப்புதல் பெற்றது. அத்திட்டம் தங்கள் வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் குறைக்கிறது என்று ஊழியர் அமைப்புகள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகின. நொடிப்பு தொடங்கிய நாள்வரை உரிய வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் முழுமையாகத் தர வேண்டும் என 2022 அக்டோபரில் அத்தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது.

உரிமை நிலைநாட்டப்பட்டது. ஆனால் உரிமை வேறு, கைக்கு வரும் பணம் வேறு. திட்டப்படி செலுத்த வேண்டிய தொகை செலுத்தப்படாத நிலையில், 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜெட் ஏர்வேஸைக் கலைக்கும்படி ஆணையிட்டது. விமானம் நின்றதிலிருந்து ஐந்தரை ஆண்டுகள். 2023 மே மாதத்தில் தானே நொடிப்பு மனு அளித்துப் பறப்பதை நிறுத்திய கோ ஃபர்ஸ்ட் நிறுவனத்துக்கும் 2025 ஜனவரியில் கலைப்பு ஆணையே வந்தது.

இதிலிருந்து தெளிவாவது என்ன? மாதந்தோறும் உரிய இடத்தில் சென்று சேர்ந்துவிட்ட பணத்துக்குத் தீர்ப்புத் தேவையில்லை. சேராமல் நிறுவனத்திடமே தங்கிவிட்ட பணத்துக்குத்தான் வழக்கும் ஆண்டுகளும் தேவைப்படுகின்றன.

இதை எனக்கு உணர்த்தியது அந்த வாடிக்கையாளரின் கைப்பேசி. அவருடைய வைப்பு நிதிக் கணக்கேட்டை அதில் திறந்து பார்த்தோம். கடைசி வரவு பதினொரு மாதங்களுக்கு முற்பட்டது. அவர் பையிலிருந்த ஊதியச் சீட்டுகளிலோ ஒவ்வொரு மாதமும் பிடித்தம் காட்டப்பட்டிருந்தது. ஊதியம் நிற்பதற்கு முன்பே வைப்பு நிதி நின்றிருக்கிறது. அதை அவர் பார்க்கவே இல்லை. "சீட்டில் பிடித்தால் போய்ச் சேர்ந்துவிடும் என்றுதானே சார் நினைப்போம்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பிடித்த பணத்தைச் செலுத்தாதது சிறு பிழையன்று. ஊழியரின் பங்கைப் பிடித்துவிட்டு நிதியில் செலுத்தாத முதலாளி நம்பிக்கை மோசடி செய்தவராகவே குற்றவியல் சட்டத்தில் கருதப்படுவார். தாமதத்துக்கு வட்டியும் தண்டத்தொகையும் வைப்பு நிதிச் சட்டத்தில் உண்டு. ஆனால் அச்சட்டம் விரைந்து பயன்பட வேண்டுமாயின், நிறுவனம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் புகார் அளித்திருக்க வேண்டும்.

ஓய்வூதியம்: அங்கும் இங்கும்

அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் 2002 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது. நிறுவனமே நடத்திவந்த ஓய்வூதியத் திட்டங்களைக் கைவிட 2005 மே மாதத்தில் நீதிமன்றம் அனுமதித்தது. ஏறத்தாழ 1,20,000 பேருக்கான அத்திட்டங்களில் 980 கோடி டாலர் பற்றாக்குறை இருந்தது. அரசின் ஓய்வூதியக் காப்புறுதி நிறுவனம் பொறுப்பேற்று, சட்ட வரம்புக்கு உட்பட்ட அளவுக்கே உறுதி தந்தது. வரம்புக்கு மேல் எதிர்பார்த்திருந்தோர் அப்பகுதியை இழந்தனர். நிறுவனம் மறு ஆண்டே மீண்டு எழுந்து பறந்தது. ஓய்வூதியம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

நம் நாட்டில் பெரும்பாலான தனியார் ஊழியரின் ஓய்வூதியம் நிறுவனத்தின் கையில் இல்லை. 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டம் வைப்பு நிதி நிறுவனத்தால் பொது நிதியாக நடத்தப்படுகிறது. முதலாளியின் பங்கான 12 விழுக்காட்டிலிருந்து 8.33 விழுக்காடு, ஊதிய வரம்புக்கு உட்பட்டு, அங்கே செல்கிறது. ஆகவே முதலாளி நொடிந்தாலும் சேர்ந்த சேவைக்கான ஓய்வூதியம் அழியாது. இது பெரும் பாதுகாப்பு.

ஆனால் தொகை சிறிது. ஓய்வூதிய ஊதியத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பதே கணக்கு. ஊதிய வரம்பான 15,000 ரூபாயைக் கொண்டு 10 ஆண்டுச் சேவைக்குக் கணக்கிட்டால் மாதம் சுமார் 2,143 ரூபாய். 2014 செப்டம்பருக்கு முந்தைய சேவைக்கு 6,500 ரூபாய் வரம்பே பொருந்துவதால் பழைய ஊழியருக்கு இன்னும் குறையும். மாத ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சேவை வேண்டும். முழு ஓய்வூதியம் 58 வயதில். எனவே வேலை மாறுவோர் பழைய கணக்கைப் புதிய கணக்குடன் சேர்த்துக்கொள்வது இன்றியமையாதது. அவசரத்துக்கு ஓய்வூதியப் பகுதியை எடுத்துவிட்டால் சேவை ஆண்டுகளும் அதனுடன் போய்விடும்.

சில பெரிய நிறுவனங்கள் வைப்பு நிதியைத் தம் சொந்த அறக்கட்டளை மூலம் நடத்துகின்றன. ஏர் இந்தியா அவ்வாறு நடத்தி வந்தது. டாட்டா குழுமத்திடம் ஒப்படைக்கப்படுவதற்குச் சற்று முன், 2021 டிசம்பர் முதல், அதன் ஊழியர்கள் வைப்பு நிதி நிறுவனத்தின் கீழ் வந்தனர். உங்கள் நிதி எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் அறிந்திருக்கிறீர்களா?

விட்டுக்கொடுக்கும் முன்

நெருக்கடி வரும்போது நிர்வாகம் தொழிற்சங்கத்தை அழைத்து ஊதியத்தைக் குறைத்துக்கொள்ளும்படி கேட்கும். விட்டுக்கொடுப்பது தவறன்று, சில வேளைகளில் அதுவே வேலையைக் காக்கும். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும்.

முதலாவது, குறைப்பு வேறு, ஒத்திவைப்பு வேறு. ஒத்திவைத்த ஊதியம் கடன், பின்னர் கோரலாம். குறைத்த ஊதியம் கடனன்று. வரிசையில் நிற்கவும் அதற்கு உரிமையில்லை. எது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, எந்தப் பகுதி குறைகிறது என்று பாருங்கள். பணிக்கொடை, கடைசியாகப் பெற்ற அடிப்படை ஊதியத்தையும் அகவிலைப்படியையும் கொண்டு, ஓராண்டுக்கு 15 நாள் ஊதியம் என, மாதத்தை 26 நாளாகக் கொண்டு கணக்கிடப்படுவது. 18 ஆண்டு பணிபுரிந்த ஒருவரின் அடிப்படை ஊதியம் 40,000 ரூபாய் என்றால் பணிக்கொடை 4,15,385 ரூபாய். நெருக்கடியில் அதை 30,000 ஆகக் குறைக்க இசைந்த பின் நிறுவனம் மூடினால் 3,11,538 ரூபாய். சில மாதக் குறைப்பு, பதினெட்டு ஆண்டு உழைப்பையும் குறைத்துவிடுகிறது. குறைப்பு தவிர்க்க முடியாததாயின், அடிப்படை ஊதியத்தைத் தொடாமல் பிற படிகளில் குறைக்கும்படி சங்கம் கேட்கலாம்.

மூன்றாவது, ஈடாகக் கிடைப்பது யாது? மேலே சொன்ன யுனைடெட் நிறுவனத்தின் விமானிகள் உள்ளிட்ட ஊழியர்கள் 1994-இல் ஊதியக் குறைப்புக்கு ஈடாக நிறுவனத்தின் 55 விழுக்காட்டுப் பங்குகளைப் பெற்றனர். தாமே முதலாளிகள் ஆனோம் என்று மகிழ்ந்தனர். எட்டாண்டுகளில் நிறுவனம் திவாலானபோது அப்பங்குகள் மதிப்பிழந்தன. பங்குதாரர் வரிசையின் கடைசியில் நிற்பவர் என்பதை நினைவிற் கொள்க. ஊதியமும் சேமிப்பும் ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பது, ஒரே கயிற்றில் இரு குடங்களைக் கிணற்றில் இறக்குவது போன்றது.

மாதம் ஒருமுறை, கால் மணி நேரம்

1. யு.ஏ.என். எண்ணைச் செயற்படுத்தி, வைப்பு நிதிக் கணக்கேட்டை மாதந்தோறும் பாருங்கள். ஒரு மாத ஊதியத்துக்கான பங்கு அடுத்த மாதம் 15-ஆம் நாளுக்குள் செலுத்தப்பட வேண்டும். இரு மாதங்கள் தொடர்ந்து வரவு இல்லையெனில் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையெனில் வைப்பு நிதி நிறுவனத்தின் குறைதீர் தளத்தில் பதியுங்கள். தனியே செய்யத் தயங்கினால் சங்கத்தின் வழியே செய்யலாம்.

2. ஊதியச் சீட்டுகளின் படிகளை நிறுவனத்தின் கணினியில் விட்டுவைக்காதீர்கள். நிறுவனம் நின்றால் அக்கணினியும் நிற்கும். பணி ஆணை, ஊதிய உயர்வுக் கடிதம், வரிப்பிடித்தச் சான்றிதழ் அனைத்தும் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

3. ஊதியத்தில் பிடித்த வருமான வரி உங்கள் வரிக் கணக்கில் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். பிடித்துவிட்டுச் செலுத்தாத நிறுவனத்தின் பிழைக்காக அதே வரியை ஊழியரிடம் நேரடியாகக் கேட்கலாகாது என வருமான வரிச் சட்டம் சொல்கிறது. அதை நிறுவ ஊதியச் சீட்டே சான்று.

4. பணிக்கொடைக்காக நிறுவனம் தனி நிதியோ காப்பீட்டு நிறுவனத்தின் குழுத் திட்டமோ வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். தனியே ஒதுக்கிய பணத்தைப் பெறுவது எளிது. ஒதுக்காத பணத்துக்கு வழக்காட நேரிடும்.

5. நொடிப்பு நடவடிக்கை தொடங்கினால் செய்தித்தாளில் பொது அறிவிப்பு வரும். அதில் குறித்த நாளுக்குள் உங்கள் கோரிக்கையை உரிய படிவத்தில் சமர்ப்பியுங்கள். ஊழியர் பலர் சேர்ந்து ஒரு பிரதிநிதி மூலமும் கோரலாம். கோராதவருடைய பெயர் வரிசையில் இராது.

6. கடன் இருந்தால், தவணை தவறுவதற்கு முன் வங்கிக்கு வாருங்கள். தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பின் எங்கள் கைகளும் கட்டப்படும். முன்பே வந்தால் தவணைக் காலத்தை நீட்டுவது போன்ற வழிகளை ஆராய இடமுண்டு.

அந்த வாடிக்கையாளர் ஆறாவதைச் சரியாகச் செய்திருந்தார். முதல் தவணை தவறுவதற்கு முன்பே வந்திருந்தார். கடன் காலம் நீட்டப்பட்டது. வேறொரு பராமரிப்பு நிலையத்தில், முன்னிலும் குறைந்த ஊதியத்தில், சேர்ந்திருக்கிறார். பழைய ஊதிய நிலுவைக்குக் கோரிக்கை கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். அப்பதினொரு மாத வைப்பு நிதிக்கும் புகார் பதிந்திருக்கிறார். இரண்டும் இன்னும் வந்து சேரவில்லை.

சென்ற மாதம் கணக்கேடு பதிய வந்தவர், என்னைக் கண்டதும் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். புதிய நிறுவனத்தின் வைப்பு நிதி வரவு அதில் இருந்தது. "இப்போ மாசாமாசம் பார்க்கிறேன் சார்" என்றார். அவர் போன பிறகு நானும் என் கணக்கைத் திறந்து பார்த்தேன்.